ஓசூரின் ஏட்டில் ஏறாத சொத்து

2001 செப்டம்பரில் ஓசூர் டிவிஎஸ் சுசுகி தன் பெயரில் பாதியைப் பறிகொடுத்தது. ஜப்பான்காரர்கள் தங்களிடமிருந்த 25.97 விழுக்காட்டுப் பங்கை இந்தியக் கூட்டாளிக்கே விற்றுவிட்டு விலகிக்கொண்டார்கள். பங்குக்கு 15 ரூபாய் வீதம், மொத்தம் சுமார் 9 கோடி ரூபாய். ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் வண்டி விற்ற ஒரு நிறுவனத்தின் கால் பங்குக்கு இதுதான் விலை. வாங்கியவர்களுக்குக் கொள்ளை லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. சுசுகி என்ற பெயரும், அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான மோட்டார் சைக்கிள்கள் மீதான உரிமையும் அவர்களோடு போயின. மிஞ்சியது 30 மாதத் தவணை. அதுவரை உரிமத்தொகை கட்டிப் பழைய வண்டிகளைச் செய்துகொள்ளலாம்; சுசுகியும் அதற்குள் தனியாக இரு சக்கர வண்டியோடு இந்தியச் சந்தைக்கு வராது. ஓசூர் ஆலையில் ஒரு திருகாணிகூட இடம் மாறவில்லை. இடம், கூரை, எந்திரம், ஆட்கள் எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தன. இருந்தும், மூன்றாவது ஆண்டில் எதைச் செய்து விற்பது என்ற கேள்வி எல்லோர் வயிற்றையும் கலக்கியிருக்கும்.

ஓசூர் வட்டாரத்துக்கே இது புதுவகைக் கேள்வி. ஒரு தலைமுறைக்கு முன்பு இங்கே பேசப்பட்டதெல்லாம் அளக்கக்கூடிய சங்கதிகள்: எத்தனை ஏக்கர், எவ்வளவு மின்சாரம், எத்தனை விழுக்காடு மானியம். அன்று இது தர்மபுரி மாவட்டம். ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். பின்தங்கிய மாவட்டம் என்பதால் தொழில் தொடங்குபவர்களுக்குச் சலுகை கிடைத்தது. 1971இல் உருவான மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் நிலத்தை எடுத்துச் சாலையும் தண்ணீரும் கொடுத்தது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். கர்நாடகத்தின் தொழில்நகரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டின் சலுகையை அனுபவிக்கலாம் என்பது முதலாளிகள் போட்ட எளிய கணக்கு. அசோக் லேலண்ட் வந்தது. சுந்தரம் கிளேட்டன் மொபெட் ஆலையைத் தொடங்கியது.

அந்த மொபெட்தான் 1980இல் வந்த டிவிஎஸ் 50. ஐம்பது சிசி எஞ்சின், இருவர் உட்காரும் இருக்கை. பால் கேன், வாழைத்தார், தீவனக்கட்டு, முன்னால் நிற்கும் பிள்ளை என்று எதை ஏற்றினாலும் இழுத்துக்கொண்டு ஓடியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எந்த மொபெட்டையும் ‘டிவிஎஸ்’ என்றே சொல்லும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றெழுத்து ஓசூரில் பிறந்ததல்ல. 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் பெயரெழுத்துகள் அவை. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று தென்மாவட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். பஸ் நேரத்துக்கு வந்ததால் கிடைத்த நற்பெயர், எழுபது ஆண்டு கழித்து ஒரு மொபெட்டை விற்க உதவியது. இடையில் அந்த நற்பெயருக்கு எந்த ஏட்டிலும் ஒரு வரி எழுதப்பட்டிருக்காது.

மொபெட்டுக்கு அந்தப் பெயர் போதும். மோட்டார் சைக்கிளுக்குப் போதவில்லை. நூறு சிசி வண்டி வாங்க வருபவர் ஜப்பான் எஞ்சினைத் தேடிய காலம் அது. 1982இல் இண்ட்-சுசுகி நிறுவனம் உருவாகி, 1984இல் முதல் வண்டி ஓசூரிலிருந்து வெளிவந்தது. பின்னர் இரண்டு பெயரும் சேர்ந்து டிவிஎஸ் சுசுகி ஆனது. சாமுராய், ஷோகன், ஃபியரோ என்று வரிசையாக வண்டிகள் வந்தன. தமிழ்நாட்டு இளைஞர்கள் ஷோகனின் சத்தத்துக்கு மயங்கினார்கள். ஆலை சொந்தம், விற்பனைக் கடைகள் சொந்தம், பெயரும் எஞ்சினும் இரவல். இரவல் கொடுத்தவர் திருப்பிக் கேட்டபோதுதான் 2001 வந்தது.

அந்த ஆண்டே விக்டர் சந்தைக்கு வந்தது. 110 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஓசூர்ப் பொறியாளர்களே வடிவமைத்த வண்டி. விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர் வந்தார். வண்டி நன்றாக விற்றது. அடுத்த ஆண்டு, 2002இல், தரத்துக்கான டெமிங் பரிசு ஜப்பானிலிருந்தே டிவிஎஸ் மோட்டாருக்குக் கிடைத்தது. பிரிந்துபோன கூட்டாளியின் ஊர்ப் பரிசு. சுசுகி 2006இல் குருகிராமில் தனி ஆலையோடு திரும்பி வந்தபோது ஓசூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பதறும் நிலையில் இல்லை. விக்டரை வரைந்த ஆட்கள் திடீரென்று முளைத்தவர்களும் அல்ல. இரவல் எஞ்சினோடு பழகிய பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் ஓசூரிலேயே பழுத்த கைகள். 9 கோடி விலை பேசப்பட்டபோது அந்தக் கைகளுக்கு யாரும் விலை போடவில்லை. போட்டிருந்தால் சுசுகி இன்னும் கறாராகப் பேரம் பேசியிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

ஓசூரின் இன்னொரு கதையும் 1984இல்தான் தொடங்குகிறது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைப் பதிவுசெய்த ஆண்டு அது. டாடா இண்டஸ்ட்ரீஸின் ஆங்கில முதலெழுத்துகளும் (TI) தமிழ்நாட்டைக் குறிக்கும் சுருக்கமும் (TAN) சேர்ந்து டைட்டன் என்று ஆயின. அதாவது பெயரிலேயே அரசுக்குப் பங்கு உண்டு. பெங்களூரில் எச்எம்டி 1961 முதல் ஜப்பானிய சிட்டிசன் உதவியோடு கடிகாரம் செய்துவந்தது. நாட்டின் மணிக்கட்டுகளில் பாதிக்கு மேல் அதன் கையில். அதற்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், செர்க்செஸ் தேசாய் என்ற டாடா அதிகாரி குவார்ட்ஸ் கடிகார ஆலையை எழுப்பினார்.

தேசாய் கடிகாரத்தைக் கருவியாக விற்காமல் நகையாக, பரிசாக விற்றார். 1987இல் பெங்களூரில் முதல் கடை திறந்தது. மோசார்ட்டின் 25ஆம் சிம்பொனியிலிருந்து எடுத்த சிறு துண்டு விளம்பர இசையானது. மோசார்ட் என்ற பெயரையே கேட்டிராத வீடுகளிலும் அந்த மெட்டைக் கேட்டதும் “டைட்டன்” என்றார்கள். இசையமைத்தவர் இறந்து அப்போதே இருநூறு ஆண்டு ஆகவிருந்தது. மெட்டுக்கு உரிமத்தொகை கிடையாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய சொத்தைத் தேடிக்கொண்ட விளம்பரம் இந்தியாவில் வேறு உண்டா என்பது சந்தேகம்.

இதே பெயர் 1990களில் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே எடுபடவில்லை. சுவிஸ் நாட்டுக்குப் பக்கத்தில் கடை விரித்து நட்டத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. ஓசூர் ஆலையில் ஒரே தட்டில் கோத்த கடிகாரம்தான். திருச்சியில் மதிப்பு, பாரீசில் இல்லை. பெயர் என்ற சொத்துக்கு இப்படி ஊர் எல்லை உண்டு. பின்னால் 2002இல் எட்ஜ் என்ற மெல்லிய கடிகாரம் வந்தது. மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் எந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். அதைச் செய்தவர்கள் ஓசூரின் ஆய்வுப் பிரிவினர்.

டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க்கின் கதை வேறு மாதிரி. ஓசூரில் நகை ஆலை 1990களின் நடுவில் வந்தது. முதலில் நட்டம், மேலும் நட்டம். மூடிவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்தது. காப்பாற்றியது தங்கத்தின் சுத்தத்தை எக்ஸ்-கதிரால் அளக்கும் காரட்மீட்டர். வாடிக்கையாளர் தன் நகையைக் கொண்டுவந்து வைத்தால், 22 காரட் என்று நம்பி வாங்கியதில் பல நேரம் 19 காரட்தான் இருந்தது என்பது அவர் கண்முன்னே தெரிந்தது. அந்த 19 காரட் நகையைக் கொடுத்து, செய்கூலி மட்டும் கட்டி, 22 காரட் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டமும் அறிவித்தார்கள். ஊர் ஆசாரியிடமும் பழகிய நகைக்கடையிடமும் தலைமுறைகளாக இருந்த நம்பிக்கையை ஒரு கருவி தன் பக்கம் திருப்பிக்கொண்டது. வணிகத்தில் நம்பிக்கை இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். இங்கே அது கவுன்டர்மேலேயே நடந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பெயரைக் கணக்காளர் எங்கே எழுதுவார்? எங்கும் எழுத மாட்டார். இந்தியக் கணக்கியல் விதிப்படி, ஒரு நிறுவனம் தானே வளர்த்த வணிகப் பெயரைச் சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது. ஆக்கச் செலவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது காரணம். அதே பெயரை வெளியாரிடம் காசு கொடுத்து வாங்கினால் ஏற்றலாம். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் மாணவர்கள் ‘நற்பெயர்’ பாடத்தில் சராசரி இலாபத்தைக் கொள்முதல் ஆண்டுகளால் பெருக்கி மதிப்புப் போடுகிறார்களே, அதுவும் கூட்டாளி சேரும்போதோ விலகும்போதோ போடும் கணக்குத்தான். பெயரின் விலை கைமாறும் வேளையில் மட்டுமே தெரியும். கைமாறாதவரை அதன் மதிப்பு பூஜ்யம்.

இந்த விதி எப்படியெல்லாம் விளையாடும் என்பதற்கு டைட்டனே எடுத்துக்காட்டு. சென்னையில் தொடங்கிய கேரட்லேன் நகை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2016இல் 357 கோடிக்கு வாங்கியது. மீதி 27 விழுக்காட்டுச் சொச்சத்தை 2023இல் வாங்க 4,621 கோடி கொடுக்க வேண்டியிருந்தது. ஏழே ஆண்டில் பெயர் அவ்வளவு வளர்ந்திருந்தது. ஆனால் ஏற்கெனவே கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்தின் மிச்சப் பங்கை வாங்கினால், கூடுதலாகக் கொடுத்த பணம் சொத்தாக ஏறாது. நேராக நிகர மதிப்பிலிருந்து கழிந்துவிடும். அதனால் டைட்டனின் ஒருங்கிணைந்த நிகர மதிப்பு அந்த ஆண்டில் ஏறத்தாழ 11,900 கோடியிலிருந்து 9,400 கோடிக்கு இறங்கியது. அதே நேரத்தில் பங்குச் சந்தை அந்த நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு 3 லட்சம் கோடிக்கு மேல். ஏட்டுக்கும் சந்தைக்கும் நடுவில் உள்ள அந்தப் பெரும் இடைவெளியில்தான் மோசார்ட் மெட்டும் காரட்மீட்டரும் எட்ஜும் இருக்கின்றன.

டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 விழுக்காடு. டாடாவின் பங்கைவிட அதிகம். 3 லட்சம் கோடி மதிப்பில் கணக்கிட்டால் தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் கையில் இருப்பது 80,000 கோடிக்கு மேல். ஓசூரில் மானியமும் நிலமும் கொடுத்த எத்தனையோ ஆலைகளில் அரசுக்கு வரி வந்தது, வேலைவாய்ப்பு வந்தது. இங்கே மட்டும் பெயரிலும் பங்கு வந்தது.

பெயருக்கு அடுத்தது காப்புரிமை. அதில் ஓசூர் சூடுபட்டது 2007இல். டிவிஎஸ் அந்த ஆகஸ்ட் மாதம் ஃபிளேம் என்ற 125 சிசி வண்டியை அறிவித்தது. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத் தொழில்நுட்பம், மூன்று வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். இரண்டு பிளக் என்றதும் புணேயில் பஜாஜ் கொதித்தெழுந்தது. சிறிய எஞ்சினில் இரட்டை பிளக் வைக்கும் முறைக்கு அது 2002 ஜூலையிலேயே விண்ணப்பித்து, 2005இல் காப்புரிமையும் பெற்றிருந்தது. பஜாஜின் பல்சர் வண்டி விற்றதே அந்த முறைக்கு வைத்த ‘டிடிஎஸ்-ஐ’ என்ற பெயரைக் காட்டித்தான்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு பிளக் வைத்தது எங்கள் கண்டுபிடிப்பு என்றது பஜாஜ். ஹோண்டா என்றோ செய்துவிட்டது, அதற்கு வாங்கிய அமெரிக்கக் காப்புரிமை காலாவதியும் ஆகிவிட்டது, இதில் புதுமை எங்கே என்றது டிவிஎஸ். 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி ஃபிளேமுக்குத் தடை விதித்தார். டிவிஎஸ் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு வண்டியைச் சந்தைக்கு அனுப்பியது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் வண்டியை விற்கலாம், விற்றதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றது. கூடவே, இத்தகைய வழக்குகளை நாள்தோறும் விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நாட்டின் எல்லா நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. அறிவுசார் சொத்துச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு அந்த உத்தரவு இன்றும் பாடம்.

மூல வழக்கோ நான்கு மாதத்தில் முடியவில்லை. 2019 அக்டோபரில் இரு தரப்பும் சமரசமாகிப் பரஸ்பர வழக்குகளைத் திரும்பப் பெற்றன. காப்புரிமையின் இருபதாண்டு ஆயுளில் மூன்று ஆண்டுகூட மிச்சமில்லை. ஃபிளேம் அதற்கு வெகு முன்பே மறக்கப்பட்டிருந்தது. யார் சொன்னது சரி என்று கடைசிவரை தீர்ப்பு வரவில்லை. வந்திருந்தாலும் 2008ஆம் ஆண்டு வாடிக்கையாளரை யாரும் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாது. காப்புரிமையின் பலம் சட்டப் புத்தகத்தில் எவ்வளவோ, அவ்வளவு வழக்கின் வாய்தாவிலும் இருக்கிறது என்பதை ஓசூர் இந்த வழக்கில் கற்றது.

2020 ஏப்ரல். ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தன. அந்த மாதம் டிவிஎஸ் மோட்டார், திவாலாகி நிர்வாகிகள் கையில் இருந்த நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு, ஏறத்தாழ 153 கோடி ரூபாய்க்கு, ரொக்கமாக வாங்கியது. 1898இல் பர்மிங்காமில் ஜேம்ஸ் லேன்ஸ்டவுன் நார்ட்டன் தொடங்கியது அது. 1907இல் ஐல் ஆஃப் மேன் முதல் பந்தயத்திலேயே ஒரு பிரிவில் வென்ற பெயர். இளம் சே குவேரா தென்னமெரிக்கப் பயணத்துக்குக் கிளப்பிய பழைய வண்டியும் நார்ட்டன்தான். டிவிஎஸ் வாங்கியதில் எந்திரமும் பட்டறையும் சொற்பம். காசு போனது பெயருக்கும் வடிவமைப்புகளுக்கும். கணக்கியல் விதியின் வேடிக்கை இங்கேயும் உண்டு. வெளியாரிடம் வாங்கியதால் நார்ட்டன் என்ற பெயர் ஏட்டில் சொத்தாக ஏறலாம். மதுரை பஸ்ஸிலிருந்து ஓசூர் மொபெட் வரை நூறாண்டு வளர்ந்த டிவிஎஸ் என்ற பெயர் ஏற முடியாது.

ஏட்டில் ஏறாத இன்னொன்று ஆட்களின் கைப்பழக்கம். ஊழியர் நாளை வேறு ஆலைக்குப் போய்விடலாம், அவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை, ஆகவே அவருடைய திறமை சொத்தாகாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. ஓசூரில் இது வெறும் விதி அல்ல, அன்றாட நடப்பு. டைட்டன் தொடக்கத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த இளைஞர்களை எடுத்து நுண்வேலை பழக்கியது. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் முயற்சியில் மெடோ என்ற அமைப்பு வந்தது; கிராமத்துப் பெண்கள் அதில் உறுப்பினராகிக் கடிகாரச் சங்கிலி கோக்கும் வேலையை எடுத்துச் செய்தார்கள். இப்போது ஏதரின் மின்ஸ்கூட்டர் ஆலையும், கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் அதே ஊர்களின் பிள்ளைகளைத் தேடுகின்றன. குருபரப்பள்ளி சிப்காட், சூளகிரி சிப்காட் என்று ஆலைகள் நெடுஞ்சாலை ஓரமாகவே கிழக்கே நகர்ந்து வந்திருக்கின்றன. நிலத்தின் விலை பத்திரத்தில் இருக்கிறது. ஆட்களின் விலை சம்பளச் சீட்டில் மட்டும்.

அந்த நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்பினால் வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம். சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே பேரத்துக்குள் வந்துபோகும். இங்கே சொத்து என்றால் மாந்தோப்பு. தமிழ்நாட்டில் மாம்பழத்துக்கு முதல் மாவட்டம் கிருஷ்ணகிரி. அதில் பெரும்பகுதி தோத்தாபுரி. இங்கே அதைப் பெங்களூரா என்பார்கள். விளைவது இந்த மண்ணில், பெயர் பக்கத்து மாநிலத் தலைநகரத்துடையது. காய் கூழ் ஆலைக்குப் போகும், கூழ் பையில் அடைபட்டு டிரம்மில் ஏறும், டிரம் துறைமுகத்துக்கோ குளிர்பான ஆலைக்கோ போகும். எங்கே போனாலும் வேப்பனப்பள்ளி என்ற பெயர் கூடப் போவதில்லை.

கூழ் சேரும் பானத்தின் பெயருக்கு என்ன விலை என்பது தெரிந்த சங்கதி. 1993இல் பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாசா ஆகியவற்றை கோகோ கோலா வாங்கியது. கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 6 கோடி டாலர். பெரும்பாலும் பெயர்களுக்கான விலை அது. அவற்றில் மாசா மாம்பழப் பானம்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊரின் விளைபொருளுக்கு அந்த ஊர்க்காரர்கள் கூட்டாகப் பெயருரிமை கொண்டாட அது வழி வைத்திருக்கிறது. ஆனால் பழமாகக் கடைக்குப் போனால்தான் வாங்குபவர் ஊர் கேட்பார். தோத்தாபுரியில் பெரும்பங்கு கூழாவதால் பெயர் ஒட்டும் இடத்துக்கே அது போய்ச் சேருவதில்லை. சீசனில் விலை சரிந்தால் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் விவசாயிகளும் கூழ் ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் உட்காரும் முத்தரப்புக் கூட்டத்தில் பேச்செல்லாம் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதுதான். விலை கட்டாத ஆண்டுகளில் பறிகூலியும் லாரி வாடகையும் போக மிஞ்சுவது இல்லை என்று காயை மரத்திலேயே விட்டுவிடுபவர்களும் உண்டு.